கேள்வியைக் கடைசி வரைக்கும் வாசி



இன்றைக்குப் பதிவு நீளம். வழக்கமாகப் போடும் மாடித்தோட்டத்துப் படமும் இல்லை, பழைய குரூப் போட்டோவும் இல்லை. ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட ஒரு விஷயம். நேரம் இருக்கும்போது உட்கார்ந்து வாசியுங்கள்.

போன மாதம் ஒரு ராத்திரி, என்னிடம் ப்ளஸ் டூ விலங்கியல் படித்த ஒரு பெண்ணிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "டீச்சர், அப்பாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். மெடிக்கல்ல சொல்லி ஒரு செட் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். ஒரே வேளையில விட்டுட்டு. நல்லா கேக்குது. இன்னும் மூணு நாளைக்கு வாங்கி வச்சிரட்டா?"

அவள் அப்பாவுக்குப் பல வருஷமாகச் சுகர் உண்டு என்று எனக்குத் தெரியும். மாத்திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கத்தரித்துக் கொடுத்த அட்டைத் துண்டுகள். ஒன்றில் மட்டும் பெயர் தெரிந்தது. ஸ்டீராய்டு. எனக்குக் கை நடுங்கிவிட்டது. "இனி ஒரு வேளைகூடக் கொடுக்காதே. காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் கூட்டிப் போ, இந்த அட்டையையும் காட்டு" என்றேன். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார்.

அந்தப் பெண் பிறகு கேட்டாள்: "காய்ச்சல்தான் விட்டுட்டே டீச்சர், நீங்க ஏன் அவ்வளவு பதறுனீங்க?" அவளுக்கு அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாடம். என்னிடம் படித்தவர்களுக்கு இந்த வகுப்பு ஞாபகம் இருக்கும். விளையாட்டு மைதானத்தில் கருவேல முள் குத்திய ஒரு பையனைப் பெஞ்சில் உட்கார வைத்து, அவன் காலைக் காட்டியே அழற்சி நடத்துவேன். சிவப்பு, சூடு, வீக்கம், வலி. இந்த நாலு அடையாளத்தையும் சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் எழுதி வைத்துவிட்டார். "வெள்ளை அணுக்கள் போர்வீரர்கள், கிருமியோடு சண்டை போடுகின்றன" என்று சொல்லி, போர்டில் படம் வரைந்து, பாகம் குறித்து, வகுப்பை முடித்துவிடுவேன்.

ஆனால், குதிகாலில் முள் குத்தியது ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் அணுவுக்கு எப்படித் தெரியும்? யார் போய்ச் சொன்னார்கள்? இதை நீங்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தார்கள் என்று பரீட்சைக்கு ஒரு மார்க் கேள்வியாகத் தந்திருப்பேன். அது ஒரு பெரிய குடும்பத்தின் ஒரு பிள்ளை மட்டும்தான். அந்தக் குடும்பத்தின் பெயர் சைட்டோகைன்.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் காரியமாகச் சொல்கிறேன். வைக்கோல் படப்பில் தீப்பிடிக்கிறது. முதலில் பார்த்தவன் தண்ணீர் தேடி ஓடுவதற்கு முன்னால் ஒரு சத்தம் போடுவான். அந்தச் சத்தம்தான் சைட்டோகைன். கிருமியைக் கண்ட செல், அல்லது காயம்பட்ட செல், மிகமிகச் சிறிய அளவில் சில புரதங்களை வெளியே விடுகிறது. அதைப் பிடித்துக்கொள்வதற்கென்று மற்ற செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. பிடித்த செல் தன் வேலையை மாற்றிக்கொள்கிறது.

சத்தத்திலும் பல வகை. இன்டர்ஃபெரான் பக்கத்து வீட்டுக்காரர்களை எச்சரிக்கும்: "வைரஸ் வந்துவிட்டது, கதவை அடைத்துக்கொள்." கேட்ட செல், வைரஸ் தனக்குள் பெருகாதபடி ஏற்பாடு செய்துகொள்ளும். டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1 இரண்டும் பக்கத்து ரத்தக்குழாய்களிடம் பேசும். குழாய் விரியும்; அதனால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசியும், அதனால் வீக்கம். அந்த இடத்து நரம்பு முனைகள் சுருக்கென்று உணரத் தொடங்கும், அதனால் வலி. நான் வருஷா வருஷம் நடத்திய நாலு அடையாளமும் இவற்றின் வேலைதான். இன்டர்லூகின்-8 நியூட்ரோபில்களை வழிகாட்டிக் கூட்டி வரும். இன்டர்லூகின்-6 ரத்தத்தோடு தூரம் போகும். கல்லீரலுக்குப் போய் சி.ஆர்.பி. என்ற புரதத்தைச் செய்யச் சொல்லும். லேப் ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். மூளையில் உடம்புச் சூட்டுக்கென்று இருக்கும் இடத்தில், 37 டிகிரி என்றிருந்த கணக்கை 39 என்று மாற்ற வைக்கும். அதனால்தான் உடம்பு கொதிக்கும்போதும் நமக்குக் குளிருகிறது, போர்வை கேட்கிறோம். வேலை முடிந்ததும் "போதும், கலைந்து போங்கள்" என்று சொல்வதற்கும் ஆள் உண்டு; இன்டர்லூகின்-10 அதில் ஒன்று.

ஆகவே காய்ச்சல் என்பது கிருமி செய்கிற வேலை இல்லை. உடம்பு தானே மூட்டிக்கொள்கிற அடுப்பு. பாரசிட்டமால் அந்த அடுப்பை மட்டும் கொஞ்சம் தணிக்கும். சத்தம் போடுகிறவர்களின் வாயை அது பொத்துவதில்லை.

ஸ்டீராய்டு அப்படி இல்லை. அது செல்லுக்குள் போய், உட்கருவரைக்கும் போய், ஒரே நேரத்தில் பல சைட்டோகைன்களின் ஜீன்களை அடக்கிவிடும். தீ இல்லாத இடத்தில் வீணாகக் கத்துகிறவன் வாயும் அடைபடும். தீயைப் பார்த்துக் கத்துகிறவன் வாயும் அடைபடும். காய்ச்சல் இறங்கும், உடம்புவலி போகும், பசிகூட எடுக்கும். படப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும், தெருவில் மட்டும் சத்தம் இருக்காது.

இனி என் கதை.

2021 மே மாதம். எல்லா வீட்டிலும் அந்த மாதத்துக்கு ஒரு கதை இருக்கும். நான் பாளையங்கோட்டையில், தம்பி அம்பாசமுத்திரத்தில். அவனுக்கு அரிசிக்கடை. எனக்கும் அவனுக்கும் ஆறு வயது வித்தியாசம். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனுக்கும் சுகர் உண்டு. கடையில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடுகிற ஆள், கட்டுப்பாடெல்லாம் அரைகுறைதான். முழு ஊரடங்கு. அவனுக்குக் காய்ச்சல், பாசிட்டிவ். விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 97. வீட்டிலேயே தனி அறையில் இருந்தான்.

அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு மருந்துச் சீட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஏழெட்டு மாத்திரை, கீழே ஒரு ஸ்டீராய்டு. எனக்கு அதற்கு முன்பே "சைட்டோகைன் புயல்" என்ற சொல் தெரியும். பேப்பரில் வாசித்திருந்தேன். இங்கிலாந்தில் ரெகவரி என்று ஒரு பெரிய ஆய்வு நடந்து, டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய மாத்திரை உயிரைக் காப்பாற்றுகிறது என்று 2020 ஜூனில் செய்தி வந்ததே, அதையும் வாசித்திருந்தேன். விலங்கியல் டீச்சர் இல்லையா? எனக்குப் புரிந்துவிட்டது என்ற நினைப்பு.

மூன்றாம் நாள் ராத்திரி தம்பிக்குப் போன் போட்டு வகுப்பே எடுத்தேன். "வைரஸை விட நம்ம உடம்பு போடுத சண்டைதான் ஆபத்துடே. அதை ஆரம்பத்திலேயே அடக்கிரணும்." அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நீ சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்" என்றான். சீட்டைக் காட்டி அவன் மகன் மருந்து வாங்கி வந்தான்.

மறுநாளே காய்ச்சல் விட்டது. இட்லி நாலு சாப்பிட்டான் என்று அவன் மனைவி போன் செய்து, "மதினி, நீங்க தெய்வம்" என்றாள். நான் சும்மா இருந்தேனா? அந்தச் சீட்டை நம் குடும்பக் குரூப்பில் போட்டு, "ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டால் பயமில்லை" என்று ஒரு வரியும் சேர்த்து எழுதினேன். உங்களில் சிலர் அதற்குக் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தீர்கள்.

எட்டாம் நாள் காலையில் ஆக்சிஜன் 88. திருநெல்வேலியில் படுக்கை கிடைக்க மத்தியானம் ஆனது. சேர்க்கும்போது சுகர் 400-க்கு மேலே. பதினேழு நாள். பிழைத்து வந்தான். வீடு வந்த பத்தாம் நாள் இடது கன்னத்தில் வலி, மரத்துப்போன உணர்வு, கண் வீக்கம். பல்வலி என்று நினைத்து இரண்டு நாள் போய்விட்டது. அது கருப்புப் பூஞ்சை. மதுரையில் ஆபரேஷன். ஆம்போடெரிசின் ஊசிக்குத் தட்டுப்பாடு இருந்த நேரம்; என் மருமகன் அதற்காக அலைந்த அலைச்சலை அவன்தான் சொல்ல வேண்டும். உயிர் மிஞ்சியது. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த ஆய்வை உட்கார்ந்து முழுசாக வாசித்தேன். சொல்கிறேன், கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த கோவிட் நோயாளிகளில் 2,104 பேருக்கு டெக்சாமெத்தசோன், தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். 4,321 பேருக்கு அது இல்லாமல் வழக்கமான சிகிச்சை. 28 நாள் கழித்துக் கணக்கெடுத்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில், மருந்து பெறாதவர்களில் 100-க்கு 41 பேர் இறந்தார்கள். பெற்றவர்களில் 29 பேர். எத்தனை பெரிய லாபம்! வென்டிலேட்டர் இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் வைத்திருந்தவர்களில் 26 பேர், 23 பேர். அதுவும் லாபம்தான்.

மூன்றாவது கூட்டம், ஆக்சிஜனே தேவைப்படாதவர்கள். மருந்து பெறாதவர்களில் 100-க்கு 14 பேர் இறந்தார்கள். பெற்றவர்களில் 18 பேர். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிறது புள்ளியியல். ஆனால் பலன் இல்லை என்பது தெளிவு. கெடுதல் இருக்கலாம் என்ற சந்தேகமும் இருக்கிறது. என் தம்பி அந்த மூன்றாவது கூட்டம். ஆக்சிஜன் 97.

இது ரகசியமாக எங்கும் இல்லை. செய்தி வந்த முதல் நாளே கடைசி வரியாக இருந்தது. நான் தலைப்பை வாசித்தேன், முதல் பத்தியை வாசித்தேன், கடைசி வரியை வாசிக்கவில்லை. வருஷக்கணக்காக உங்கள் பரீட்சைத் தாளைத் திருத்தி, சிவப்பு மையில் "கேள்வியைக் கடைசி வரைக்கும் வாசி" என்று எழுதியது இதே கைதான்.

ஏன் அப்படி என்பதும் இப்போது விளங்குகிறது. முதல் வாரம் வைரஸ் பெருகுகிற வாரம். அப்போது சத்தம் வேண்டும். இன்டர்ஃபெரான் ஊரை எழுப்ப வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அதோடு தீ அணைந்துவிடும். சிலருக்கு இரண்டாம் வாரத்தில் வைரஸ் குறைந்த பிறகும் சத்தம் நிற்பதில்லை. நுரையீரலின் சின்னக் குழாய்கள் கசிந்து, காற்றுப்பைகளில் நீர் கோத்து, ஆக்சிஜன் இறங்கும். தீயணைக்க வந்த கூட்டமே வீட்டை மிதித்து இடிக்கிற நேரம் அது. ஸ்டீராய்டு உயிர் காப்பது அப்போதுதான். மருந்து ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். ஒரு வாரத்தில் எல்லாம் மாறிவிடுகிறது.

பூஞ்சை? அதன் வித்துகள் மண்ணிலும் காற்றிலும் எங்கும் இருக்கின்றன. தினமும் மூக்கில் இழுக்கிறோம். நம் அணுக்கள் சத்தமில்லாமல் துடைத்துவிடுகின்றன. ஸ்டீராய்டு அந்தக் காவலைத் தளர்த்தும், சுகரையும் ஏற்றும். ஏறிய சுகர் அதே அணுக்களைச் சோம்பேறியாக்கும். அந்த 2021-இல் நம் நாட்டில் அத்தனை பேருக்குக் கருப்புப் பூஞ்சை வந்ததற்குச் சர்க்கரை நோயையும், தேவையில்லாமலும் அளவில்லாமலும் சாப்பிட்ட ஸ்டீராய்டையும் மருத்துவர்கள் முக்கியக் காரணங்களாகச் சொன்னார்கள்.

என்னால்தான் தம்பிக்குக் கண் போனதா? மதுரை டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. சுகர் இருந்திருக்கு. ஆஸ்பத்திரியிலேயும் ஸ்டீராய்டு கொடுத்திருப்பாங்க, அப்போ அது தேவை. மூணாம் நாளில் சாப்பிட்டது எவ்வளவு காரணம்னு யாராலும் பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார். நல்ல மனுஷர். ஆனால் "இல்லை" என்று அவர் சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன்.

இதை வாசித்து ஸ்டீராய்டே விஷம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். சைட்டோகைனை அடக்கும் மருந்தெல்லாம் கெடுதல் என்றும் நினைக்காதீர்கள்.

என் மாணவி ஒருத்திக்கு முடக்குவாதம். தையல் வேலை செய்கிறவள். காலையில் எழுந்தால் பேனாவைக்கூடப் பிடிக்க முடியாமல் விரல்கள் வீங்கியிருக்கும். அங்கே கிருமியே கிடையாது; மூட்டுக்குள் டி.என்.எஃப். காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருக்கிறது. அந்த ஒரு சத்தத்தை மட்டும் பிடித்துக் கட்டும் ஊசி போட்டார்கள். இப்போது திரும்பவும் மிஷின் மிதிக்கிறாள். ஊசிக்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரேயும் டி.பி. டெஸ்ட்டும் எடுக்கச் சொன்னார்களாம். "விரல் வலிக்கு எதுக்கு டீச்சர் டி.பி. டெஸ்ட்?" என்று கேட்டாள். நம் நாட்டில் நிறையப் பேர் நுரையீரலில் டி.பி. கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. அணுக்கள் அதைச் சுற்றி வேலி கட்டி வைத்திருக்கின்றன. அந்த வேலியைக் கலையாமல் வைத்திருப்பதும் இதே டி.என்.எஃப்.தான். விரலில் அவளை அழ வைத்தது, நெஞ்சில் அவளுக்குக் காவல். அதனால்தான் முதலில் சோதித்துப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. 2012-இல் அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியாவில், ரத்தப் புற்றுநோய் வந்த ஆறு வயதுக் குழந்தை. அவளுடைய டி செல்களையே எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றினார்கள். அவை வேலையைத் தொடங்கியதும் சைட்டோகைன் தாறுமாறாக ஏறி, குழந்தை வென்டிலேட்டருக்குப் போனாள். ரத்தத்தைச் சோதித்தார்கள். இன்டர்லூகின்-6 மிக மிக அதிகம். அந்தச் சிகிச்சையை உருவாக்கிய கார்ல் ஜூனுடைய மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம் இருந்ததால், ஜப்பானில் உருவான டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து அதே இன்டர்லூகின்-6-இன் வழியை அடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. தன் ஏழாவது பிறந்தநாள் அன்று கண் விழித்தாள். புற்றுநோயும் போய்விட்டது.

அங்கேயும் அடக்கினார்கள். ஆனால் எந்தச் சத்தம் என்று அளந்து பார்த்து, அடக்க வேண்டிய நேரத்தில் அடக்கினார்கள். நான் அளக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. ஒரு புதுச் சொல் தெரிந்த தைரியத்தில் போனை எடுத்தேன்.

தம்பி இப்போது கடைக்குப் போகிறான். கண்ணாடிக்குள்ளே இடது பக்கம் செயற்கைக் கண். எடை மெஷினில் எண் பார்க்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறான். ஒவ்வொரு தடவையும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். இதை எழுதட்டுமா என்று போன வாரம் அவனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "உன்னாலன்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்லக்கா. நீ நெனச்சுக்கிட்டு இருக்கன்னு தெரியும். எழுது. ஆனா அன்னைக்குக் குரூப்புல போட்டியே, அதையும் சேத்து எழுது. யாரும் இன்னும் வச்சிருக்கப் போறாங்க."

அவன் சொன்னபடி எழுதிவிட்டேன். அந்தச் சீட்டு உங்கள் போனில் இன்னும் இருந்தால் அழித்துவிடுங்கள். அதை நம்பி யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால், என்னை மன்னித்துவிடுங்கள்.

டீச்சர் கேட்டுக்கொள்வது மூன்றே மூன்று.

காய்ச்சலுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் செட் மாத்திரை வாங்காதீர்கள். வாங்கிவிட்டால், அதில் என்ன இருக்கிறது என்று பெயர் கேளுங்கள். வீட்டில் சுகர் உள்ளவர்கள் இருந்தால் இதை இரண்டு தடவை வாசியுங்கள்.

ஒரே வேளையில் காய்ச்சல் விட்டது என்பதற்காக நோய் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

ஆஸ்துமா, முடக்குவாதம், வேறு எதற்காவது டாக்டர் எழுதிக் கொடுத்து ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்து. எதுவானாலும் அவரிடமே கேளுங்கள்.

ஆறுதல் சொல்லி யாரும் கமெண்ட் போட வேண்டாம். எழுந்து போய் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். என்ன இருந்தது என்று எழுதுங்கள், போதும்.

பதிவைப் பகிர்கிறவர்கள் முழுசாகப் பகிருங்கள். பாதியை வெட்டிப் போட்டு விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் டீச்சர்